வேண்டாம்னா எடுத்துருவாவளா?

போன மாதம் ஒரு ஆய்வு மாணவி தன் கொஸ்டினரில், அதாவது வினாப் படிவத்தில், கையெழுத்து வாங்க என்னிடம் வந்திருந்தார். எங்கள் துறையில் அது ஒரு சடங்கு. களத்துக்குப் போகும் முன் ஐந்து நிபுணர்களிடம் படிவத்தைக் காட்டி, ‘கேள்விகள் பொருத்தமாக இருக்கின்றன’ என்று எழுதி வாங்க வேண்டும். அந்த ஐந்தில் நானும் ஒருவன். அவருடைய தலைப்பு, அங்கன்வாடிப் பணியாளர்கள், ஊட்டச்சத்துப் பயனாளிகளைப் பதிவு செய்யும் ஒன்றிய அரசின் போஷன் டிராக்கர் செயலியை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவை, 2025 ஜூலையிலிருந்து அவர்கள் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது அல்லவா, அதையும் சேர்த்திருந்தார். இருபத்திரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள்; 1 என்றால் உடன்பாடே இல்லை, 5 என்றால் முழு உடன்பாடு. பதினெட்டாவது கேள்வி: “இச்செயலியைத் தொடர்ந்து பயன்படுத்த நான் விரும்புகிறேன்.”

“இத எடுத்துரும்மா” என்றேன்.

“ஏன் சார்? உங்க தீசிஸ்லயே இதே கேள்வி இருக்கே. ஷோத்கங்காலேர்ந்து டவுன்லோட் பண்ணித்தான் சார் எடுத்தேன்.”

இருக்கிறது. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற அந்த இணையதளத்தில் வார்த்தை மாறாமல் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தப் பதிவு அந்த யோசனைதான். கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கும்.

நான் படித்தது இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ். “கம்ப்யூட்டர் சயின்ஸா?” என்று கேட்பவர்களிடம் இல்லை என்பேன். “அப்ப எம்பிஏ மாதிரியா?” என்றால் அதுவும் முழுக்க இல்லை. ஒரு ஆபீஸுக்குள்ளோ ஊருக்குள்ளோ ஒரு மென்பொருள் வந்து உட்கார்ந்தால் அங்கே இருக்கிற மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற படிப்பு. என் அப்பாவுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் கடைசிவரை பக்கத்து வீட்டில் “பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் துறையில் நம் ஊர் ஆய்வேடுகளில் பாதிக்குமேல் (எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, அலமாரியைப் பார்த்துச் சொல்கிறேன்) ஒரே கோட்பாட்டு மாதிரியைத்தான் சுமந்துகொண்டு நிற்கும். பிரெட் டேவிஸின் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டாம் (TAM) என்று செல்லமாகக் கூப்பிடுவோம். ஒரு கருவி பயனுள்ளது என்று தோன்ற வேண்டும், கையாள எளிது என்று தோன்ற வேண்டும். இரண்டும் தோன்றினால் மனிதர் அதை ஏற்றுக்கொள்வார். அவ்வளவுதான். 1989இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்தத் துறையிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. அதைக் குறை சொல்ல வரவில்லை. கச்சிதமான வேலை அது. ஆனால் யாரைக் கேட்டு எழுதினார் என்று பலர் பார்ப்பதில்லை. ஐபிஎம்மின் டொராண்டோ ஆய்வகத்தில் வேலைபார்த்த 112 பேர். அவர்களிடம் மின்னஞ்சலைப் பற்றியும் ஒரு கோப்புத் திருத்தியைப் பற்றியும் கேட்டார். அப்புறம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாலைநேர எம்பிஏ படித்த 40 பேர். அவர்களிடம் படம் வரையும் இரண்டு மென்பொருள்களைப் பற்றி. மொத்தம் 152 பேர். மின்னஞ்சல் பிடிக்கவில்லை என்றால் போனை எடுத்துப் பேசலாம். படம் வரையும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேலும் பென்சிலும் இருக்கின்றன. அவர்களிடம் ‘ஏற்றுக்கொள்வீர்களா’ என்று கேட்டதில் அர்த்தம் இருந்தது.

நான் அதைத் தூக்கிக்கொண்டு போனது தென்காசிப் பக்கம் ஒரு ரேஷன் கடைக்கு.

217ஆம் படிவம்

2022இல். ரேஷன் கடைகளில் கைரேகை வைத்தால்தான் பொருள் என்று 2020 அக்டோபரில் வந்த ஏற்பாடு அதற்குள் பழகியிருந்தது. எனக்குத் தேவை 384 படிவங்கள். ஏன் 384 என்று கேட்டால், கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேர் கொண்ட கூட்டத்துக்கு 384 பேரைக் கேட்டால் போதும் என்றிருக்கிறது. இந்தியாவில் முனைவர் பட்டம் வாங்கியவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

கடை திறக்கிற நாளில் போய் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். பொருள் வாங்கிவிட்டு வருகிறவர்களை மடக்கிப் பிடித்துப் படிவம் நிரப்புவது. அந்தப் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. மடியில் முறம், அதில் இலையும் தூளும். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, வாயை மடக்கிப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி, ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குப் பக்கத்தில் சுற்றுகிற கைகள். முப்பது நாற்பது வருடம் அப்படி அழுத்திய விரலில் ரேகை எங்கிருந்து இருக்கும்? வரிசையில் நின்றபடியே பெண்கள் விரலைத் தலையில் தேய்த்துக்கொள்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டினால் ரேகை விழும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். கடைக்காரர் மேசையில் ஒரு ஈரத்துணியும் வைத்திருந்தார். முதலில் ஈரத்துணி, அப்புறம் தலை, அப்புறம் மறுகை, அப்புறம் ஆள்காட்டி விரல். இந்த வரிசையை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது.

ஆச்சி வந்தது மூன்றாவது நாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டை, மாதம் 35 கிலோ அரிசி. அட்டையில் இரண்டே பேர், ஆச்சியும் பேத்தியும். பேத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். ஆக, ஊரில் இருந்த ரேகை ஆச்சியுடையது மட்டும்தான். அன்றைக்கு அது நான்காவது நடை. முந்தைய மூன்று முறையும் ரேகை விழவில்லை. பேத்தி போனுக்கு ஓடிபி அனுப்பினால் அவள் ஷிப்டில் இருப்பாள், போன் லாக்கரில் இருக்கும். அன்றும் விழவில்லை. “பன்னெண்டு மணிக்கு மேல சாப்பாட்டு நேரத்துல பேத்தியக் கூப்பிட்டுப் பாப்போம் ஆச்சி, கொஞ்சம் இரிங்க” என்றார் கடைக்காரர். காத்திருந்த நேரத்தில் ஆச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரு படிவம் கிடைத்தது. எண் 217.

“இந்தக் கருவியைப் பயன்படுத்துவது உங்களுக்கு எளிதாக இருக்கிறது. ஆமாவா இல்லையா ஆச்சி? ரொம்ப ஆமான்னா அஞ்சு.”

“நான் எங்கய்யா பயன்படுத்துதேன்? வெரல வையின்னாவ, வைக்கேன்.”

அதற்கு 2 போட்டேன். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் இப்படியே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், நானும் மொழிபெயர்த்து எண் போட்டுக்கொண்டு வந்தேன். பதினாலாவது கேள்வி வந்தது. “இந்த முறையை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்.” ஆச்சி உடனே பதில் சொல்லவில்லை. படிவத்தை ஒரு தரம் பார்த்தார், கடைக்குள் இருந்த மெஷினை ஒரு தரம் பார்த்தார். கேலியே இல்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிற முகத்தோடு கேட்டார்:

“வேண்டாம்னு சொன்னா எடுத்துருவாவளா தம்பி?”

இல்லை ஆச்சி, அப்படியெல்லாம் எடுக்க மாட்டார்கள் என்றேன்.

“அப்பம் எதுக்குக் கேக்கிய?”

ஆராய்ச்சிக்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை. கோபமில்லை. என்னிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். “நீயே போட்டுக்கோய்யா” என்றுவிட்டு வெற்றிலைப் பையைப் பிரித்தார். பன்னிரண்டேகாலுக்குத் திருப்பூரிலிருந்து ஓடிபி வந்தது. அரிசி வாங்கி, ஒரு சைக்கிள்காரப் பையனிடம் ஏற்றிவிட்டுப் போனார்.

நான் போட்டுக்கொண்டேன். பதினாலு முதல் இருபத்துநாலு வரை எல்லாவற்றுக்கும் 3. ‘கருத்து ஏதுமில்லை.’

நோட்டு

அன்று மாலை கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். ரேகை விழாத அட்டைகள் என்று அவரே எழுதி வைத்திருந்த பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு. ‘இடது நடுவிரல் விழும்.’ ‘மகன் சனிக்கிழமை வருவான்.’ ‘காலையில் விழாது, சாயங்காலம் வரச் சொல்.’ ஆச்சி பெயருக்கு எதிரே பேத்தி நம்பரும் ‘12 மணி’ என்றும். ரேகையும் விழாமல் ஓடிபியும் வராமல் போனால், அட்டையை மட்டும் ஸ்கேன் செய்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வழி இருந்தது. “அப்ப எல்லாருக்கும் அப்படியே கொடுத்துரலாமே” என்றேன். “அது எண்ணிக்கை கூடுனா தாலுகா ஆபீஸ்ல என்னையக் கேப்பாவ சார். நான்தான் திருடுதேன்னு ஆயிரும்.”

அந்த ஊரில் கைரேகை முறையை ஓடவைத்துக்கொண்டிருந்தது அந்த நோட்டுதான். ஆனால் சென்னையில் யாரோ பார்க்கிற திரையில் அது தெரியாது. அங்கே தெரிவது ‘சரிபார்ப்பு வெற்றி’ என்ற ஒரு பச்சைக் கோடு. என் ஆய்வேட்டிலும் நோட்டு வரவில்லை. நெறியாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். “சுவாரஸ்யமா இருக்குப்பா, ஆனா உன் மாடல்ல இதுக்கு இடம் இல்லையே. பின்னிணைப்புல ஒரு பத்தி போடு” என்றார். பின்னிணைப்பிலும் போடவில்லை. பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் நம்பகத்தன்மை அளவுகளெல்லாம் பிரமாதமாக வந்திருந்தன. ஆட்டிக் கலைக்க மனம் வரவில்லை.

இடம் இல்லை என்று அவர் சொன்னது அவருக்கும் எனக்கும் தெரிந்த மாதிரியை வைத்து. துறைக்குள் இடம் இருந்தது, நான்தான் தேடவில்லை. டேவிஸுக்கு ஆறு வருடம் முந்தியே, 1983இல், லின் மார்கஸ் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒரு பெரிய கம்பெனியில் புதிதாகக் கணக்கு மென்பொருள் வருகிறது. தலைமை அலுவலகக் கணக்கர்களுக்குக் கொண்டாட்டம். கிளைப் பிரிவுகளில் இருந்த கணக்கர்களோ தங்கள் பழைய கணக்கையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கிறார்கள். மேலிடம் என்ன சொல்லும்? பழமைவாதிகள், பயிற்சி போதவில்லை என்று சொல்லும். மார்கஸ் பார்த்தது வேறு. அதுவரை பிரிவுகள் தொகுத்து அனுப்பிய கணக்கைத்தான் தலைமை பார்த்தது; இனிமேல் கேட்காமலே உள்ளே எட்டிப் பார்க்கலாம். அதிகாரம் இடம் மாறுகிறது, இழக்கிறவர்கள் முரண்டுகிறார்கள். அதில் ‘எளிதாக இருக்கிறதா’ என்ற கேள்விக்கு வேலையே இல்லை. இதை நான் பட்டம் வாங்கி மூன்று வருடம் கழித்து, ஒரு வகுப்பு எடுப்பதற்காகத்தான் முழுதாகப் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிற்பாடு வந்த மாதிரிகளில், 2003இல் வெங்கடேஷும் மற்றவர்களும் கொண்டுவந்ததில், ‘விருப்பத்தின்பேரில் பயன்படுத்துகிறார்களா’ என்பதையும் ஒரு காரணியாகச் சேர்த்தார்கள். சரிதான். ஆனால் அதுவும் மேலதிகாரி சொன்னதற்காகப் பயன்படுத்துகிற ஊழியரை மனதில் வைத்தது. அரிசிக்காகப் பயன்படுத்துகிறவரை அல்ல.

பொத்தானில் இல்லாத சொல்

‘ஏற்பு’ என்ற சொல் எனக்கு முழுசாகக் கசந்தது பிரிட்டனின் தபால் அலுவலகக் கதையைப் படித்தபோது. ஹொரைசன் விவகாரம். தொலைக்காட்சித் தொடராக 2024 ஜனவரியில் வந்த பிறகு நம்மிலும் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் முழுக் கதையையும் சொல்லவில்லை. 1999இல் தொடங்கி நாடு முழுக்கக் கிளைத் தபால் அலுவலகங்களில் புஜித்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறைகளுக்காகக் கிளைகளை நடத்திய சாதாரண ஆட்கள் திருடர்கள் ஆக்கப்பட்டார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கடையும் அஞ்சல் கவுண்டருமாகப் பிழைத்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அதில் நிறைய. சீமா மிஸ்ரா என்பவர் 2010இல் வயிற்றில் குழந்தையோடு சிறைக்குப் போனார்.

எல்லோரும் அதைப் ‘பிழையுள்ள மென்பொருளின் கதை’ என்று சொல்கிறார்கள். பிழை இல்லாத மென்பொருள் எங்கே இருக்கிறது? எனக்கு உறைத்தது வேறொரு சின்ன விஷயம். மாதக் கணக்கை முடிக்கும்போது திரையில் பற்றாக்குறை காட்டினால், அந்தக் கிளைக்காரருக்கு இருந்த வழிகள்: ரொக்கமாகக் கட்டு, காசோலையாகக் கட்டு, அல்லது மையக் கணக்கில் உன் கடனாக ஏற்று. ‘இது தவறு, நான் ஏற்கவில்லை’ என்று அழுத்த அங்கே பொத்தான் இல்லை. முன்பு தகராறுள்ள தொகையைத் தள்ளிவைக்கத் தனியே ஒரு கணக்கு இருந்தது. 2005 வாக்கில் அதையும் எடுத்துவிட்டார்கள். கணக்கை முடிக்காவிட்டால் அடுத்த காலத்துக்குள் நுழைய முடியாது. நுழையாவிட்டால் கடையை நடத்த முடியாது. அதனால் அழுத்தினார்கள். அழுத்தியதையே, ‘நீதானே கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டாய்’ என்று நீதிமன்றத்தில் காட்டினார்கள். நீதிமன்றமோ, எதிராகச் சான்று இல்லாதவரை கணினி ஒழுங்காகத்தான் இயங்கியது என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு ஓரளவு தடையாக இருந்த 1984ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை, சரியாக ஹொரைசன் வந்த 1999இல்தான் நீக்க முடிவு செய்திருந்தார்கள். கணினி தவறு என்று நிரூபிக்க வேண்டியவர், கணினிக்குள் பார்க்க அனுமதி இல்லாதவர்.

ஏற்க மறுத்த ஒருவர் ஆலன் பேட்ஸ். வேல்ஸில் லாண்டட்னோ ஊருக்குப் பக்கத்தில் கிளை நடத்தியவர். என் கணக்கை நானே பார்க்க முடியவில்லை, பார்க்காமல் கட்ட மாட்டேன் என்று விடாமல் எழுதினார். 2003இல் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அவரும் 554 பேரும் சேர்ந்து போட்ட வழக்கில், ஹொரைசன் நம்பத்தக்கதாக இல்லை என்று நீதிபதி பிரேசர் 2019 டிசம்பரில் எழுதியபோது, கிட்டத்தட்ட இருபது வருடம் ஓடியிருந்தது.

இடையில் ஏதோ ஒரு வருடத்தில் யாராவது ஒரு ஆய்வு மாணவர் அந்தக் கிளைகளுக்குக் கொஸ்டினரோடு போயிருந்தால் என்ன வந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். பெரும்பாலானோருக்குக் கணக்கு சரியாகவே வந்தது. அவர்கள் 4 போட்டிருப்பார்கள். பற்றாக்குறை வந்தவர்களிடம், உனக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்லி வைத்திருந்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அவர்களும் 3 போட்டிருப்பார்கள். சராசரி 3.8. ‘பயனர்களிடையே ஏற்பு மிகுதியாக உள்ளது’ என்று ஒரு முடிவுரை.

சராசரியில் என்ன மறையும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. ஜார்க்கண்டில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் ரேஷனில் ஆதார் கைரேகையை எந்த வட்டாரங்களில் முதலில் கொண்டுவருவது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி அட்டைதாரருக்குப் பெரிய மாற்றமில்லை. கொஞ்சம் அலைச்சல் கூடியிருக்கலாம். கைரேகையால் மட்டும் கசிவு குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் ஆதாரை முன்கூட்டி அட்டையில் சேர்க்காதவர்கள் 23 சதவீதம் பேர். அவர்களுக்குக் கிடைத்தது 10 சதவீதம் குறைந்தது. யாருக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டதால் கிடைத்த விடை இது. ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. எனக்குக் குலுக்கல் சோதனைகள் மேல் முழு நம்பிக்கை ஒன்றும் கிடையாது. கடைக்காரரின் நோட்டு அதிலும் வராது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

மாணவியை நேற்று வரச் சொல்லியிருந்தேன். பதினெட்டாவது கேள்வியை அடித்துவிட்டு, வேறு சில எழுதிக் கொடுத்தேன். முகம் ஒத்துப்போகாதபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சத்துமாவு வாங்காமல் திரும்பிப் போனவர் எத்தனை பேர், திரும்ப வந்தார்களா? போன் யாருடையது, ரீசார்ஜ் யார் காசு? தனியாக நோட்டு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இதுக்கெல்லாம் அஞ்சு பாயின்ட் ஸ்கேல் வராதே சார். கைடு ஒத்துக்க மாட்டாரு” என்றார். அவர் சொல்வதும் நியாயம். வருகிற மார்ச்சுக்குள் அவர் ஒரு கட்டுரையாவது வெளியிட்டாக வேண்டும். என் கேள்விகளை வைத்து எந்த இதழ் வாங்கும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், கடைசியில் உன் கைடுகிட்ட நான் பேசுகிறேன் என்று ஒரு மாதிரி முடித்து அனுப்பினேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு பரண்மேல் இருந்த படிவக் கட்டுகளை இறக்கினேன். கறையான் ஒரு மூலையைத் தொட்டிருந்தது, 217 தப்பித்திருந்தது. பதிமூன்று வரை எண்கள் கலந்து கிடக்கின்றன. பதினாலிலிருந்து ஒரே நேர்கோடு, நீல மையில் பதினோரு 3கள். பதினாலாவதன் ஓரத்தில் பென்சிலால் ‘எடுத்துருவாவளா?’ என்று எழுதியிருக்கிறேன். எழுதியது நினைவே இல்லை. அதன் கீழே சின்னதாக, அடைப்புக்குள், ‘பார்க்க வேண்டும்’ என்றும் இருக்கிறது.